கதைக்காக ஆடும் ஆர்பிஜி: ஐந்தில் எதை முதலில் தொடங்குவது?

சித்தி பையன் போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு பிளேஸ்டேஷன் 5 வாங்கினான். கிரிக்கெட், ஃபுட்பால், கார் ரேஸ் எல்லாம் நண்பர்கள் வீட்டில் ஆடிப் பழகியவன். ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாக இருந்து அதை வளர்த்துக்கொண்டே கதைக்குள் போகும் கேம், அதை மட்டும் தொட்டதே இல்லை. "அண்ணா, கதை நல்லா இருக்கிற கேம் ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. நைட் ஷிஃப்ட் இல்லாத நாள்ல ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும்" என்றான். ஒன்றே ஒன்று என்றதும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இருபது வருடமாக ஆடுகிறேன், பிடித்தவை நிறைய. கடைசியில் ஐந்து பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் அவனுக்காக உட்கார்ந்து யோசித்தேன்.

அந்த ஐந்து: ஃபைனல் ஃபேண்டஸி 10, தி விட்சர் 3, பெர்சோனா 5 ராயல், டிராகன் குவெஸ்ட் 11 எஸ், கிளேர் அப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33. முதலாவது 2001இல் வந்தது, கடைசி 2025இல். ஐந்தும் அவனுடைய பிஎஸ்5இல் ஓடும். ஃபைனல் ஃபேண்டஸியும் டிராகன் குவெஸ்டும் மட்டும் பிஎஸ்4 பதிப்பாக ஓடும், அதனால் ஒரு குறையும் இல்லை.

எதை வைத்து எடை போடுவது? கதை நல்ல கேம் என்றாலே கட்சீனைத்தான், அதாவது நாம் ஆடாமல் படம்போலப் பார்க்கும் காட்சிகளைத்தான், பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஆடும்போது பெரும்பகுதி நேரம் நாம் கட்சீன் பார்ப்பதில்லை. நடக்கிறோம், சண்டை போடுகிறோம், மெனுவைத் திறந்து மருந்து எடுக்கிறோம், பொருள் வாங்குகிறோம். அந்த நேரத்தில் கை செய்கிற வேலையும் கதை சொல்கிற விஷயமும் ஒன்றாக இருந்தால் கேம் நம்மைப் பிடித்துக்கொள்ளும். கதையில் ஒருவன் துக்கத்தில் இருக்க, கை மட்டும் நூறாவது முறையாக அதே பூச்சியை அடித்துக்கொண்டிருந்தால், எவ்வளவு நல்ல கதையும் பதினைந்தாவது மணி நேரத்தில் கைவிட்டுப் போகும். பாதியில் நிறுத்திய கேம்கள் என்னிடம் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றில் கதை மோசம் என்று நிறுத்தியவை மிகக் குறைவு.

ஆகவே ஒவ்வொன்றிலும் நான் பார்த்தது இதைத்தான்: கை என்ன செய்கிறது, கதை என்ன சொல்கிறது, இரண்டும் எங்கே சேர்கின்றன.

ஃபைனல் ஃபேண்டஸி 10இலிருந்து தொடங்குகிறேன். முதல் காட்சியில் இடிந்துபோன ஊரின் ஓரத்தில் நெருப்பு மூட்டி ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. பின்னணியில் பியானோ. யாரும் பேசவில்லை. டீடஸ் என்ற பையன் எழுந்து, ஒரு பெண்ணின் தோளில் கை வைத்துவிட்டு, மேட்டில் ஏறி நின்று தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறான். அதன்பிறகு வருவதெல்லாம் அவன் சொல்கிற பழைய கதை. அந்த நெருப்பிடம் மறுபடி நாம் வந்து சேர முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். வந்து சேரும்போது, அந்தக் கூட்டம் ஏன் பேசாமல் இருந்தது என்று நமக்குத் தெரிந்திருக்கும்.

கதை நடக்கும் உலகம் ஸ்பைரா. சின் என்ற பெரிய மிருகம் கடலிலிருந்து வந்து ஊர்களை அழித்துக்கொண்டே இருக்கிறது. அதை அடக்க யூனா என்ற இளம்பெண் கோயில் கோயிலாக யாத்திரை போகிறாள். அவளுக்குக் காவலாகச் சிலர் கூட நடக்கிறார்கள். டீடஸ் வேறு காலத்திலிருந்து வந்து விழுந்தவன், இந்த உலகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன். நமக்கும் தெரியாது. அவன் கேட்கிற கேள்வி எல்லாம் நாம் கேட்க நினைப்பவை, அதனால் விளக்கம் எதுவும் பாடம் நடத்துவது போல இருக்காது.

இந்தக் கேமைப் பற்றி ஒரு குறை எல்லோரும் சொல்வார்கள்: வழி நேர்கோடாக இருக்கிறது, சுற்றித் திரிய இடமில்லை. உண்மைதான். திரையின் மூலையில் இருக்கும் சின்ன வரைபடத்தில் ஒரு அம்புக்குறி காட்டும், அந்தப் பக்கம் நடக்க வேண்டியதுதான். வானூர்தி கையில் கிடைத்து உலகம் திறக்கும்போது கதை முடியப் போகிற நேரம். எனக்கு இது குறையாகப் படவில்லை. பாதயாத்திரை போகிறவர்கள் வழி மாறிச் சுற்றுவதில்லை. போக வேண்டிய இடம் முன்பே தெரியும், திரும்பிப் போகவும் மனம் வராது, கூட நடப்பவர்களோடு பேசிக்கொண்டே போவதுதான் பயணம். யூனாவின் நிலை அதுதான். பாதிக்கு மேல் ஓர் உண்மை வெளிவருகிறது. அதைச் சொல்லிவிட்டால் பாவம், சொல்ல மாட்டேன். ஆனால் அது தெரிந்த பிறகு, அதுவரை நடந்து வந்த அந்த நேர்வழியின் ஒவ்வொரு அடியும் வேறு மாதிரித் தெரிகிறது.

சண்டைக்கு வருவோம். முறை வைத்து அடிக்கும் சண்டை. திரையின் வலப்பக்கம் யார் முறை எப்போது வரும் என்று ஒரு வரிசை தெரியும். பெரிய அடி அடித்தால் உங்கள் அடுத்த முறை எவ்வளவு தள்ளிப் போகும் என்பதை, பட்டனை அழுத்துவதற்கு முன்பே அந்த வரிசையில் பார்க்கலாம். கடிகாரம் ஓடாது, அவசரம் இல்லை. ஒரு நேரத்தில் மூன்று பேர்தான் களத்தில் நிற்பார்கள். ஆனால் யாருடைய முறை வந்தாலும் அவரை வெளியே அனுப்பி இன்னொருவரை உள்ளே கொண்டுவரலாம். பறக்கிற எதிரிக்கு வாக்காவின் பந்து, தடித்த ஓடுள்ளதற்கு ஆரோனின் வாள், வேகமாக ஓடுவதற்கு டீடஸ், கத்தி இறங்காத வழவழப்பான உருவங்களுக்கு லூலுவின் மந்திரம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சண்டையில் ஒரு முறையாவது ஏதாவது செய்தவர்களுக்குத்தான் வளர்ச்சிப் புள்ளி சேரும். ஆகவே நாம் எல்லோரையும் ஒரு தடவையாவது உள்ளே கூட்டி வருகிறோம். சில மணி நேரத்தில் அது பழக்கமாகிவிடுகிறது. யாரையும் வெளியே விடாமல், எல்லோருமாகச் சேர்ந்து அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். கதை சொல்வதும் அதைத்தான்.

கிலிகா என்ற மீனவர் ஊர்க் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. கேம் தொடங்கிச் சில மணி நேரத்தில் வரும். சின் வந்து அந்த ஊரைச் சிதைத்துவிட்டுப் போயிருக்கிறது. இறந்தவர்களைத் துணியில் சுற்றி, பூ வைத்து, தண்ணீருக்குள் இறக்கியிருக்கிறார்கள். சாயங்கால வெளிச்சம். யூனா செருப்பில்லாமல் கரையிலிருந்து தண்ணீரின் மேல் நடந்து போகிறாள். கோலைச் சுழற்றி ஆடத் தொடங்குகிறாள். கரையில் நிற்கும் பெண் ஒருத்தி அழுது சாய்கிறாள். தண்ணீர் மெல்ல எழும்பி யூனாவையும் தூக்கிக்கொண்டு மேலே போகிறது, இறந்தவர்களின் உயிர்கள் மின்மினிபோல அதைச் சுற்றி ஏறுகின்றன. ஆடி முடித்துக் கரைக்கு வந்ததும், தான் சரியாகச் செய்தேனா என்று லூலுவிடம் கேட்கிறாள். லூலு அவளை அணைத்துக்கொண்டு, நன்றாகச் செய்தாய், ஆனால் அடுத்த முறை கண்ணீர் வேண்டாம் என்கிறாள். பதினேழு வயதுப் பெண். அவளுடைய வேலை இதுதான். இந்த ஒரு காட்சியில் அந்த உலகத்தின் சாவு, சடங்கு, அவள் சுமை எல்லாம் வந்துவிடுகிறது, ஒரு வரி விளக்கம்கூடத் தேவைப்படவில்லை.

லூக்கா என்ற ஊரில் டீடஸ் வலுக்கட்டாயமாகச் சிரிக்கும் காட்சியை மட்டும் வெட்டி எடுத்து, இந்தக் கேமின் குரல் நடிப்பு மோசம் என்று காட்டுவார்கள். அதை முழுதாகப் பாருங்கள். என் பயணம் சிரிப்போடு இருக்க வேண்டும் என்கிறாள் யூனா. துக்கத்தில் இருக்கிற இரண்டு பேர் சிரிக்கப் பழகிப் பார்க்கிறார்கள். அது அப்படித்தான் செயற்கையாக இருக்கும். ஃபைனல் ஃபேண்டஸி வரிசையில் பாத்திரங்கள் முதன்முதலில் குரல் கொடுத்துப் பேசியது இந்தக் கேமில்தான். உதட்டசைவு பல இடங்களில் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையான குறைகள் இரண்டு. ஒன்று, கட்சீனைத் தாண்ட முடியாது. ஒரு பாஸிடம், அதாவது கட்டத்தின் பெரிய எதிரியிடம், தோற்றால் அதற்கு முந்தைய காட்சியை மறுபடி முழுதாகப் பார்க்க வேண்டியிருக்கும். இன்னொன்று, சேவ் செய்வது வழியில் இருக்கும் ஒளிக்கோளங்களில்தான். நான் பிளேஸ்டேஷனில் ஆடியபோது, ஒரு கோளத்துக்கும் அடுத்த கோளத்துக்கும் நடுவில் கரண்ட் போய், ஒன்றேகால் மணி நேர ஆட்டம் போயே போய்விட்டது. யூபிஎஸ் இல்லாத வீட்டில் ஆடுகிறவர்கள் கோளத்தைக் கண்டால் தொட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்தது விட்சர் 3. போலந்தில் உள்ள சிடி ப்ராஜெக்ட் ரெட் செய்தது. மூன்றாம் பாகம்தான், ஆனாலும் முதல் இரண்டை ஆடாமலே தொடங்கலாம். பெயர்கள் மட்டும் ஆரம்பத்தில் சரசரவென்று வந்து விழும், பதறக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு பேய் பிசாசுகளை வேட்டையாடும் கெரால்ட், தான் மகள்போல வளர்த்த சிரியைத் தேடுகிறான். கதை இவ்வளவுதான். ஆனால் இந்தக் கேமின் உயிர் வழியில் சந்திக்கிறவர்களிடம் இருக்கிறது.

வெலன் என்ற சதுப்பு நிலப் பகுதியில் பிளடி பாரன் என்றொரு கோட்டைக்காரன். பெருத்த உடம்பு, வாய் நிறையப் பேச்சு. காணாமல் போன தன் மனைவியையும் மகளையும் கண்டுபிடித்துக் கொடுத்தால் சிரியைப் பற்றிச் சொல்கிறேன் என்கிறான். தேடத் தேட, இவன் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன் என்று தெரிகிறது. கரு கலைந்திருக்கிறது. பெயர் வைக்காமல் புதைத்த அந்தச் சிசு பேயாக எழுந்திருக்கிறது. இப்போது நமக்கு இரண்டு வழி. வாளை உருவி அதைக் கொன்றுவிடலாம். அல்லது அவனையே அதைக் கையில் ஏந்த வைத்து, இரவில் வீட்டு வாசற்படி வரை நடக்க வைத்து, பெயரிட்டு, மகளே என்று ஏற்று, படிக்குக் கீழே புதைக்க வைக்கலாம்.

நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். மழையில் நடக்கிறோம். அவன் கையில் அது நெளிகிறது. அது வெறி கொள்ளும்போதெல்லாம் கெரால்டின் மந்திரத்தால் நாம்தான் அதை அமைதிப்படுத்த வேண்டும். நடுவில் ஆவிகள் வந்து தாக்கும், அவற்றை நாம்தான் விரட்ட வேண்டும். இந்த ஆள் செய்ததற்கு நான் ஏன் இவனைக் காப்பாற்றிக்கொண்டு நடக்கிறேன் என்ற கேள்வி எனக்குள் வந்தது. கை அவனைக் காக்கிறது, மனம் அவனை மன்னிக்க மறுக்கிறது. அந்த இடத்தில் கட்சீன் எதுவும் தேவைப்படவில்லை, கன்ட்ரோலரிலேயே கதை நடந்துவிட்டது.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. பக்கத்துக் காட்டில் ஒரு மரத்தடியில் அடைபட்டிருக்கும் ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்று வேறொரு இடத்தில் முடிவெடுப்போம். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே தெரியாது. பல மணி நேரம் கழித்து, அந்த முடிவு இந்தக் குடும்பத்தையும் வேறு சில குழந்தைகளையும் என்ன செய்தது என்று பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். நல்ல முடிவு என்று ஒன்று அங்கே வைக்கப்படவே இல்லை. சிரியின் கதை எப்படி முடிகிறது என்பதும் பெரிய வீரச் செயல்களை வைத்து அமையாது. அவள் தளர்ந்திருக்கும் நேரத்தில் ஒரு தகப்பனாக நீங்கள் என்ன சொன்னீர்கள், அவளை நம்பினீர்களா என்பதை வைத்துத்தான் அமையும். முதல் முறை ஆடும்போது எதையும் தேடிப் படிக்காமல் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

இவ்வளவு இருந்தும் தம்பிக்கு முதல் கேமாக இதைக் கொடுக்கத் தயங்கினேன். வரைபடம் முழுக்கக் கேள்விக்குறிகள். ஒரு மணி நேரம் உட்காரும் ஆள் இரண்டு கேள்விக்குறிகளைத் திறந்துவிட்டு, கிடைத்த வாள்களில் எது நல்லது என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போவான். மூன்று நாள் இப்படிப் போனால் சிரி யார் என்பதே மறந்துவிடும். மகளைத் தேடும் அவசரத்தில் இருப்பவன் ஊர் ஊராக க்வென்ட் சீட்டு ஆடுகிறான், அந்தச் சீட்டாட்டம் வேறு அவ்வளவு நன்றாக இருக்கிறது! கையும் கதையும் பிரிகிற இடம் இதுதான். வாள்சண்டையும் என் கைக்கு முழுதாக இணங்கியது இல்லை, கெரால்ட் தேவைக்கு மேல் சுழன்று ஆடுவான். கெட்டிக்காரத்தனமாக ஆட வேண்டுமானால் கேள்விக்குறிகளை வரைபடத்தில் மறைத்து வைத்துவிட்டு, முதன்மைக் கதையையும் ஊர்ப் பலகையில் வரும் வேட்டை ஒப்பந்தங்களையும் மட்டும் பிடித்துப் போக வேண்டும். ஒரு ஆர்பிஜி ஆடி முடித்தவனுக்கு இது புரியும். புதியவனுக்குக் கஷ்டம்.

இந்தக் கேமுக்கு இரண்டு விரிவுகள் உண்டு, 2015இல் ஒன்று, 2016இல் ஒன்று. இரண்டாவதான பிளட் அண்ட் வைன் தனிக் கேமாகவே விற்கலாம், அவ்வளவு பெரிது. வாங்கும்போது இரண்டும் சேர்ந்த பதிப்பையே வாங்குங்கள்.

பெர்சோனா 5 ராயல் இந்த ஐந்தில் மிக நீளமானது. கதையை மட்டும் பிடித்துப் போனாலும் நூறு மணி நேரம் ஆகும். தம்பியின் கணக்கில் அரை வருடம். செய்யாத தப்புக்குப் பழி சுமந்து டோக்கியோவுக்கு வந்த பள்ளி மாணவன், ஒரு காபிக்கடையின் மாடியில் தங்கிப் படிக்கிறான். ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருடம், நாள் நாளாக நாம் வாழ்கிறோம். பள்ளி முடிந்ததும் ஒரு பொழுது கிடைக்கும். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், யாரையாவது பார்க்கலாம். இரவில் இன்னொரு பொழுது. கெட்டவர்களின் மனதுக்குள் நுழைந்து அவர்கள் கட்டி வைத்திருக்கும் அரண்மனையில் திருடுவது நடுநடுவே, அதற்கு ஒரு கெடு தேதி உண்டு.

இதன் அழகு காலண்டரில் இருக்கிறது. இன்று இவரைப் பார்த்தால் அவரைப் பார்க்க முடியாது. பழகப் பழகச் சண்டையிலும் உதவி வருகிறது. டாக்டரிடம் பழகினால் நல்ல மருந்து கிடைக்கும், காபிக்கடைக்காரர் சோஜிரோவிடம் பழகினால் காபி போடவும் கறிக் குழம்பு வைக்கவும் கற்றுத் தருவார், அவற்றைக் குடித்தால் சண்டையில் மந்திர சக்தி திரும்பும். முதலில் முறைத்துக்கொண்டே சாவியைக் கொடுத்த மனிதர் அவர். பல மாதம் கழித்து அவர் சொல்லிக்கொடுத்த காபியை அரண்மனைக்குள் குடித்துத் தப்பிக்கும்போது, பாசம் என்ற ஒன்று எண்ணாகவும் பொருளாகவும் பையில் இருப்பது தெரியும். சண்டையும் சுறுசுறுப்பு. எதிரியின் பலவீனத்தைக் கண்டுபிடித்து அடித்தால் இன்னொரு முறை கிடைக்கும், அதை நண்பனிடம் கைமாற்றலாம், எல்லா எதிரியும் விழுந்தால் மொத்தமாகப் பாயலாம்.

இரண்டு விஷயம் என்னை உறுத்துகிறது. முதல் அரண்மனை, மாணவிகளைத் துன்புறுத்தும் விளையாட்டு ஆசிரியன் ஒருவனுடையது. அதை மிகத் தீவிரமாக, சரியான கோபத்தோடு சொல்கிறார்கள். அவனுடைய பார்வையால் நொந்துபோன ஆன் என்ற பெண்ணையே, அடுத்த பகுதியில் ஓர் ஓவியன் உடையில்லாமல் வரைய வேண்டும் என்று கேட்பதையும், நண்பர்கள் அவளை அதற்குத் தள்ளிவிடுவதையும் வேடிக்கைபோலக் காட்டுகிறார்கள். முந்தைய பகுதியை எழுதியவர்களா இதை எழுதினார்கள் என்று தோன்றியது. இன்னொன்று, ஒரு காட்சி முடிந்ததும் நண்பர்கள் செல்போனில் அதையே மறுபடி பேசுவார்கள், மறுநாள் இன்னொரு முறை. முதல் ஏழெட்டு மணி நேரம் கையைப் பிடித்தே கூட்டிப் போகும், சொந்தமாகப் பொழுதைச் செலவிட விடாது.

ராயல் பதிப்பில் சேர்த்த மூன்றாம் பருவம்தான் கதையின் சிறந்த பகுதி என்பேன். அது தானாகத் திறக்காது. பள்ளி ஆலோசகர் மாருகியோடு பழக்கத்தை நவம்பர் 18க்குள் 9ஆம் நிலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். துப்பறியும் அகெச்சியையும் சக மாணவி காசுமியையும்கூட விட்டுவிடாதீர்கள். இந்த ஒரு குறிப்பை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஆடுவதில் தவறில்லை, ஏனென்றால் எண்பது மணி நேரத்துக்குப் பிறகு திரும்பி வந்து சரிசெய்ய யாருக்கும் முடியாது.

டிராகன் குவெஸ்ட் 11 எஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், காரணம் அது சிக்கல் இல்லாத கேம். உலகைக் காக்கப் பிறந்த இளைஞன், கூட வரும் நண்பர்கள், பெரிய மரம், தீயவன். பாட்டி கதை. பாத்திரங்களை வரைந்தவர் அகிரா டோரியாமா. 2024 மார்ச்சில் அவர் காலமானார். இதில் வரும் ஸ்லைம் என்ற சின்ன நீலச் சொட்டு மிருகத்தின் முகத்தைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும். கதாநாயகன் வாயைத் திறந்து பேச மாட்டான், பெரிய துக்கம் நடக்கும்போதும் மரமாக நிற்பான், அதுதான் பெரிய குறை. ஆனால் ஊருக்கு ஊர் ஒரு சிறுகதை இருக்கிறது. மிஷெல் என்ற கடற்கன்னி, திரும்பி வருவதாகச் சொல்லிப் போன காதலனுக்காகப் பாறையில் காத்திருக்கிறாள். அவளுக்கு வயது போவதில்லை. மனிதர்களுக்குப் போகிறது. அவன் இறந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது என்று நாம் கரையில் தெரிந்துகொண்டு அவளிடம் திரும்பி வருகிறோம். உண்மையைச் சொல்வதா, பொய் சொல்வதா? கேம் இதில் எந்தப் பரிசும் வைக்கவில்லை. நான் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் அந்த இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலுத்துப்போய் வேலையிலிருந்து வந்து, யோசிக்காமல் நல்லவர்களோடு ஒரு மணி நேரம் இருக்க வேண்டும் என்றால் இதைவிட நல்லது இல்லை. சண்டை எளிது, தானாக அடிக்க விடவும் முடியும். மூன்று பகுதிகளில் இரண்டாவதன் முடிவிலேயே ஒருமுறை பெயர்ப் பட்டியல் ஓடும். மூன்றாவது பகுதி, அதற்கு முன்பு நாம் பட்ட வலியைக் கொஞ்சம் லேசாக்கிவிடுகிறது. எனக்கு இரண்டாவதோடு நின்றிருக்கலாம் என்றுதான் இன்னும் தோன்றுகிறது.

எக்ஸ்பெடிஷன் 33 பிரான்சில் மோன்பெலியே நகரத்தில் உள்ள சாண்ட்ஃபால் என்ற சின்ன நிறுவனத்தின் முதல் கேம். கதைக் கரு கேட்டவுடனே பிடித்துக்கொள்ளும். தொலைவில் ஒரு பெரிய தூண். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பெண் எழுந்து அதில் ஓர் எண்ணை எழுதுகிறாள். அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் கரைந்து மறைந்துபோகிறார்கள். எண் ஒவ்வொரு ஆண்டும் ஒன்று குறைகிறது. தொடக்கத்தில் 33 எழுதப்படப் போகிறது. குஸ்தாவ் தன் பழைய காதலி சோஃபியோடு ஊரைக் கடந்து துறைமுகத்துக்கு நடக்கிறான். இருவரும் சாதாரணமாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். எண் மாறுகிறது. அவன் கையில் இருக்கும் கை இதழ் இதழாகப் பிரிந்து காற்றில் போகிறது. கேம் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு வருடம் மட்டுமே மிச்சமிருக்கிறவர்கள் அந்தப் பெண்ணை நிறுத்தக் கிளம்புகிறார்கள்.

சண்டை முறை வைத்துத்தான், ஆனால் எதிரி அடிக்கும்போது சும்மா இருக்க முடியாது. சரியான நொடியில் பட்டனைத் தட்டினால் அடியைத் தடுக்கலாம், எல்லா அடியையும் தடுத்தால் திருப்பிப் பலமாக அடிக்கலாம். தவறினால் நிறைய இழப்பு. ஒவ்வொரு நொடிக்கும் உயிர் இருக்கிற உலகத்தில், ஒரு நொடி கவனம் தவறினால் ஆள் போய்விடும் என்று கை உணர்வது பொருத்தம்தான். முப்பது மணி நேரத்தில் கதை முடியும், நேரம் இல்லாதவர்களுக்கு அதுவே பெரிய வரம். கைவேகம் இல்லை என்றால் கதைக்கான எளிய நிலை உண்டு, அங்கே தட்ட வேண்டிய நொடி அகலமாக இருக்கும். என் மனக்குறை கடைசிப் பகுதி பற்றியது. உலகம் திறந்ததும் நான் பக்க வேலைகளை எல்லாம் செய்து பலம் ஏற்றிக்கொண்டு போனேன். இறுதிச் சண்டை நான்கைந்து அடியில் முடிந்துவிட்டது. அவ்வளவு கனமான காட்சிக்கு நடுவே அப்படி நடந்தது எனக்கு வலித்தது. முதன்மைக் கதையை முதலில் முடித்துவிட்டுப் பிறகு சுற்றுங்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்த ஐந்தில் எதிலும் தமிழ் சப்டைட்டில் கிடையாது. தம்பிக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், வேகமாகப் பேசினால் தடுமாறுவான். பெர்சோனாவில் பாதிக்கு மேல் குரலே இல்லாத எழுத்து, நாம் பட்டனை அழுத்தினால்தான் நகரும், பழைய வரிகளைத் திரும்பப் படிக்கவும் வசதி உண்டு. ஆனால் அதன் அளவு ஒரு பெரிய நாவல். விட்சரில் கிழவிகளும் குடியானவர்களும் பேசும் கொச்சை ஆங்கிலம் எனக்கே இரண்டாவது முறைதான் பிடிபட்டது. டிராகன் குவெஸ்டில் ஊருக்கு ஓர் உச்சரிப்பு, ஓர் ஊரில் ஹைக்கூவாகவே பேசுவார்கள். எக்ஸ்பெடிஷனில் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது. ஃபைனல் ஃபேண்டஸி 10இல் வசனம் சின்னது, நிதானமாகப் பேசுகிறார்கள், புரியாத சொல்லை டீடஸே ஒருமுறை கேட்டுவிடுகிறான்.

அப்புறம் முடிவு. முறைச்சண்டை என்றாலே பிடிக்காது, ஆனால் பொறுமை உண்டு என்கிறவர்களுக்கு விட்சர். வாரக்கடைசி முழுக்கக் கிடைக்கும், ஒரு ஊரில் குடியிருப்பது போல ஆட வேண்டும் என்றால் பெர்சோனா. ஒரு மாதத்தில் முடித்தாக வேண்டும், விரலும் வேகமாக ஓடும் என்றால் எக்ஸ்பெடிஷன், யோசிக்கவே வேண்டாம். தம்பிக்கு நான் ஃபைனல் ஃபேண்டஸி 10 என்றேன். நாலு நாள் ஷிஃப்டில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாலும், எங்கே நிற்கிறோம், எங்கே போகிறோம் என்று ஒரு நொடியில் தெரியும். நாற்பத்தைந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று மாதத்தில் முடிப்பான். இதன் அடுத்த பாகமும் சேர்ந்த பதிப்பாகத்தான் கிடைக்கிறது, சலுகையில் விலையும் இறங்கும். விட்சரை இரண்டாவதாக எடு என்று சொல்லிவைத்தேன்.

"கிராஃபிக்ஸ் பழசா இருக்கே அண்ணா" என்றான் முதல் நாள். கிலிகா வரைக்கும் போ, அப்புறம் பேசலாம் என்றேன்.

போன ஞாயிறு ராத்திரி போன் வந்தது. கிலிகா முடித்திருக்கிறான். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாராம். யூனா தண்ணீர் மேல் ஆடத் தொடங்கியதும் கையை நிறுத்திவிட்டு, யாரு செத்துட்டாங்க என்று கேட்டிருக்கிறார். இவன் ஊரே போயிருச்சும்மா என்று சொல்லி, சின், யாத்திரை, கோயில் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறான். மறுநாள் சாப்பாடு போடும்போது, அந்தப் பொண்ணு இப்ப எங்க வரைக்கும் போயிருக்கு என்று சித்தி விசாரித்தாராம். கப்பல் ஏறிட்டாங்க, நாளைக்கு லூக்கா என்று சொல்லியிருக்கிறான்.